குளிக்கும் நீரும் மூக்கின் வாசலும்

கோடை விடுமுறைக்கான ஆரோக்கியப் பாடம்
(குடும்பங்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், வாலிபர் முகாம் நடத்துவோருக்கும்)

வாசிக்க வேண்டிய வேதபகுதி: 2 இராஜாக்கள் 2:19–22



பரீட்சை முடிந்து பள்ளிகள் மூடப்படும் காலம் வந்துவிட்டது. பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர், முடிச்சூர் பகுதிகளில் உள்ள நம் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம், குடும்ப ஐக்கியச் சுற்றுலா என்று வரிசையாக ஏற்பாடுகள் நடக்கின்றன. அக்கினி நட்சத்திர வெயிலில் பிள்ளைகள் முதலாவது கேட்பது தண்ணீர்தான். ஏரி, கிணறு, பம்புசெட் தொட்டி, பண்ணை வீட்டு நீச்சல் குளம், கல்குவாரிக் குட்டை என எது கிடைத்தாலும் குதித்துவிடுவார்கள். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பது நமது நோக்கமல்ல. நீந்தக் கற்றுக்கொள்வது நல்லது. பிள்ளைகள் கற்க வேண்டியதும்கூட. ஆனால் நீரில் கண்ணுக்குத் தெரியாத சில உயிர்கள் உண்டு. அவற்றைப்பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதி இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

மேலே குறித்த வேதபகுதியில் எரிகோ பட்டணத்து மனிதர் எலிசாவிடம் வருகிறார்கள். ஊரின் இருப்பிடம் நல்லது, தண்ணீரோ கெட்டது என்று மறைக்காமல் சொல்லுகிறார்கள். தீர்க்கதரிசி ஊற்றுக்கண் இருக்கும் இடத்துக்கே போய் அதைச் சுகமாக்குகிறார். இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, தண்ணீரைப்பற்றிய உண்மையை ஊரார் வாய்திறந்து சொன்னார்கள். இரண்டாவது, காரியம் ஊற்றுக்கண்ணிலேயே சரிசெய்யப்பட்டது. நம் பாடமும் இவ்விரண்டைப் பற்றியதே.

1. மூக்கு வழியாக நுழையும் அமீபா

செய்தித்தாள்களில் "மூளையைத் தின்னும் அமீபா" என்று படித்திருப்பீர்கள். அதன் பெயர் நெக்லேரியா ஃபௌலரி. அது ஒரே செல்லால் ஆன உயிர். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மண்ணிலும், சூடான நன்னீரிலும் தானே வாழ்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களைத் தின்று பிழைக்கிறது. மனிதன் அதற்குத் தேவையே இல்லை. மற்ற ஒட்டுண்ணிகளைப்போல நம்மைத் தேடி வருவதில்லை, தற்செயலாக நுழைந்துவிடுகிறது.

வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கி வளரும். ஆகவே கோடையில் வற்றி, ஆழம் குறைந்து, வெயிலில் கொதித்து, பாசி படர்ந்து தேங்கி நிற்கும் நீர் அதற்கு ஏற்ற வீடு. கடலின் உப்புநீரில் அது வாழ்வதில்லை. சரியாகக் குளோரின் கலந்த நீரிலும் நிலைப்பதில்லை.

இங்கே அநேகர் தவறாக எண்ணும் ஒரு காரியத்தைத் தெளிவாக்க வேண்டும். இந்த அமீபா உள்ள நீரைக் குடித்தால் இந்நோய் வராது. நோயாளியிடமிருந்து மற்றவருக்கும் பரவாது. அதன் வாசல் ஒன்றே ஒன்று, அது மூக்கு. தலைகீழாகக் குதிக்கும்போதும், மூழ்கி விளையாடும்போதும், அடிச்சேற்றைக் கிளறும்போதும் நீர் வேகமாக மூக்கின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே வாசனையை அறியும் நரம்புகள் ஒரு மெல்லிய எலும்புத் தட்டின் சல்லடைத் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அந்த நரம்பைப் பற்றிக்கொண்டு அமீபாவும் அதே துளைகள் வழியே மூளைக்குள் ஏறிவிடுகிறது. பாதிக்கப்படுவோரில் பிள்ளைகளும் வாலிபருமே அதிகம். அவர்கள்தான் அதிகமாகக் குதிக்கிறார்கள், மூழ்குகிறார்கள்.

நீரில் இறங்கிய ஒன்று முதல் பன்னிரண்டு நாட்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில், அறிகுறிகள் தொடங்கும். கடுமையான தலைவலி, காய்ச்சல், குமட்டல், வாந்தி. பிறகு கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, நினைவிழப்பு. சிலருக்கு வாசனையோ ருசியோ மாறித் தெரியும். அறிகுறி தொடங்கிய பின் நோய் நாட்கணக்கில் முற்றுகிறது, மணிநேரங்கள் முக்கியம். அமெரிக்க நாட்டில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 நோயாளிகளில் பிழைத்தவர்கள் 4 பேர் மட்டுமே.

இந்த எண்ணிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, கோடிக்கணக்கானோர் நீந்தும் ஒரு பெரிய தேசத்தில், 164 பேர். நோய் மிக அரிது. வந்தால் மிகக் கொடிது. ஏரியிலும் குவாரியிலும் பிள்ளைகளை அதிகமாகப் பறிப்பது இன்றும் நீரில் மூழ்கும் விபத்தே. ஆகவே பயத்தினால் அல்ல, அறிவினால் நடந்துகொள்ள வேண்டும்.

2. இந்நோயை உலகம் எப்படி அறிந்தது?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிள்ளைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தவர் மால்கம் ஃபௌலர். மூளைக்காய்ச்சலால் இறந்தவர்களின் மூளையில் பாக்டீரியா எதுவும் காணாமல், அமீபாக்களைக் கண்டார். அவரும் கார்ட்டர் என்பவரும் 1965-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அமீபாவின் பெயரில் உள்ள "ஃபௌலரி" என்பது அவரை நினைவுகூர வைத்த பெயர்.

அங்கே காரணம் என்னவென்று ஆராய்ந்தபோது ஆச்சரியமான காரியம் வெளிப்பட்டது. தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட ஊர்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தரைக்கு மேலே போட்ட குழாய்களில் குடிநீர் போனது. பாலைவன வெயிலில் குழாய்நீர் சூடேறியது. வழியிலேயே குளோரின் வலுவிழந்தது. அமீபா அந்தக் குழாய்க்குள் வளர்ந்தது. அதிகாரிகள் வழிநெடுகக் குளோரின் அளவு குறையாதபடி ஏற்பாடு செய்தார்கள். நீரைத் தொடர்ந்து சோதித்தார்கள். 1981-க்குப் பிறகு நீண்ட காலம் அந்த மாநிலத்தில் புதிய நோயாளி பதிவாகவில்லை. ஊற்றுக்கண்ணுக்குப் போய்ச் சரிசெய்வது என்றால் இதுதான்.

குளிப்பது மட்டுமே வாசல் அல்ல என்பதையும் உலகம் கற்றுக்கொண்டது. பாகிஸ்தானின் கராச்சியில் நீந்தாதவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. தொழுகைக்கு முன் மூக்கில் நீர் ஏற்றிச் சுத்தம் செய்யும் வழக்கம் காரணமாக இருக்கலாம் என்று கண்டார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் இருவர் குழாய்நீரைக் கொண்டு மூக்கைக் கழுவியதால் இறந்தனர். சளிக்காக மூக்கைக் கழுவும் பழக்கமுள்ள நம் வீட்டுப் பெரியவர்கள் கொதிக்கவைத்து ஆறின நீரையே பயன்படுத்த வேண்டும்.

3. அண்டை மாநிலம் நமக்குக் கற்பிக்கும் பாடம்

கேரளத்தில் முதல் நோயாளி 2016-ல் ஆலப்புழையில் கண்டறியப்பட்டார். பிறகு சில ஆண்டுகள் ஆங்காங்கே ஒருவர் இருவர். 2024-ல் நிலைமை மாறியது. கோழிக்கோடு, மலப்புறம், கண்ணூர் பகுதிகளில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தனர். அதே ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை அருகே ஒரே குளத்தில் குளித்த வாலிபர்கள் நோய்ப்பட்டார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் சிகிச்சையால் பிழைத்தார்கள். 2025 செப்டம்பர் நடுப்பகுதிக்குள் அந்த ஆண்டில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் நோய்ப்பட்டு, 19 பேர் இறந்ததாக அந்த மாநிலம் அறிவித்தது.

இந்தத் துக்கச் செய்திகளின் நடுவே நம்மைச் சிந்திக்க வைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024 கோடைக்குப் பின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு சிறுவனுக்குத் தலைவலியும் காய்ச்சலும் வலிப்பும் கண்டது. அவனுடைய தகப்பனார் இந்நோயின் அறிகுறிகளைப்பற்றி ஏற்கெனவே படித்திருந்தார். மகன் சில நாட்களுக்கு முன் குளத்தில் குளித்ததை மருத்துவர்களிடம் தாமாகவே சொன்னார். உடனே அமீபாவுக்கான சோதனை நடந்தது. மருந்து தாமதமின்றித் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் அந்தச் சிறுவன் வீடு திரும்பினான். உலகமெங்கும் மிகச் சிலரே பிழைத்திருக்கும் நோயிலிருந்து அவன் பிழைத்தான்.

அந்தத் தகப்பனார் செய்தது என்ன? ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மருத்துவர் சாதாரண மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிப் பாக்டீரியாவுக்கான மருந்தைக் கொடுத்திருக்கக் கூடும். இரண்டு நோய்களும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எரிகோ பட்டணத்தார் வாய்திறந்து சொன்னதைப்போல, தண்ணீரைப்பற்றிய உண்மையை முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். ஏரிக்குப் போனால் அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பது உண்டு. பெற்றோரே, இந்தக் காரியத்தில் தண்டனையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பயமின்றி உண்மை சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

இந்நோயைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனை எளியது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை, எடுத்த உடனே, குளிர்பெட்டியில் வைக்காமல், மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்த்தால் அமீபா நகர்வதைக் கண்ணால் காணலாம். அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவருக்கும் ஆய்வுக்கூட ஊழியருக்கும் வர வேண்டும். அந்த எண்ணத்தைத் தருவது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம். உறுதிப்படுத்த மேலான சோதனைகள் பெரிய ஆய்வுக்கூடங்களில் உண்டு.

மருந்துகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்போடெரிசின் பி முதலான பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று மில்டெஃபோசின். இது முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. பிறகு பீகாரின் ஏழைக் கிராமங்களை வாட்டிய காலா அசார் என்னும் கருங்காய்ச்சலுக்கு வாய்வழி மருந்தாக 2002-ல் நம் நாட்டில் அனுமதி பெற்றது. ஏழைகளின் நோய்க்காகத் தேடப்பட்ட மருந்து இன்று வேறு பிள்ளைகளின் உயிரைக் காக்க உதவுகிறது. எளியோருக்காகச் செய்யும் வேலை எதுவும் வீணாவதில்லை.

கேரள அரசு 2024 ஜூலையில் இந்நோய்க்கென்று தனி மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடம் அமீபாவையும் தேடிப் பார்க்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2025-ல் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் குளோரின் இடும் இயக்கத்தை நடத்தியது. அங்கே இறப்பு விகிதம் உலகக் கணக்கைவிட மிகவும் குறைந்திருப்பதற்கு, தேடிப் பார்த்து முன்னதாகவே கண்டுபிடிப்பது ஒரு முக்கிய காரணம். நெக்லேரியாவோடு வேறு வகை அமீபாக்களால் வந்த நோயும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதையும் நாம் மனதில் வைக்க வேண்டும். தமிழக சுகாதாரத் துறையும் 2024 ஜூலையில் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. தேங்கிய நீரில் குளிப்பதைத் தவிர்க்கவும், நீச்சல் குளங்களில் குளோரினைச் சரியாகப் பராமரிக்கவும் அதில் சொல்லப்பட்டது.

4. மூக்கில் வளரும் செந்நிறச் சதை

மூக்கின் வாசல் வழியே வரும் இன்னொரு நோய் தமிழருக்குப் பழையது. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சீமையிலும் இலங்கையிலும் குளத்தில் குளிக்கும் மக்களுக்கு மூக்கினுள் சிவந்த சதை வளருவதுண்டு. மேலே வெண்புள்ளிகள் தெரியும். தொட்டால் இரத்தம் கசியும். மூக்கடைப்பும் அடிக்கடி இரத்த ஒழுக்கும் இருக்கும். சிலருக்குக் கண்ணிமையின் உட்புறத்திலும் வரும். இதற்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். 1900-ல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் என்பவர் முதலில் விவரித்தார். வெகுகாலம் இதைப் பூஞ்சை என்றே எண்ணினார்கள். 1990-களின் இறுதியில் மரபணு ஆராய்ச்சி வந்த பின்னரே, மீன்களுக்கு நோய் தரும் ஒருவகை நுண்ணுயிர்களின் உறவினம் இது என்று தெரிந்தது.

இது உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் அறுவைச் சிகிச்சையால் எடுத்து, அடியைச் சுட்டுவிட்டாலும் சிலருக்குத் திரும்ப வளரும். தெற்கே சொந்த ஊர் உள்ள நம் சபைக் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஊருணியிலும் கண்மாயிலும் பிள்ளைகளைக் குளிக்க விடுவது வழக்கம். பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் இரத்தமும் நீடித்தால் வீட்டு வைத்தியத்தில் மாதங்களைக் கழிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. வாய் வழியாக வருபவை

அரிதானதைச் சொன்னோம், அடிக்கடி வருவதையும் சொல்ல வேண்டும். நீந்தும்போது பிள்ளைகள் தெரியாமல் விழுங்கும் நீரில் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், வயிற்றுக்கடுப்பு தரும் அமீபா ஆகியவை இருக்கக் கூடும். இவை மனிதர் அல்லது விலங்கின் கழிவிலிருந்து நீருக்கு வருகின்றன. கழிவுநீர் கலக்கும் ஏரியில் குளித்தால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் எளிதில் வரும்.

"எங்கள் முகாமில் நல்ல நீச்சல் குளம் உண்டு, குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். வாடை அதிகமாக இருப்பது சுத்தத்தின் அடையாளமல்ல. குளோரின், வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செலவாகும்போதே அந்தக் கடும் வாடை எழும்புகிறது. அத்துடன் கிரிப்டோஸ்போரிடியம் முறைப்படி குளோரின் இட்ட குளத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு பிள்ளை இறங்கினால் குளத்தில் உள்ள மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அது பரவலாம். ஆகவே குளோரின் ஒன்றே போதாது, ஒழுங்கும் வேண்டும்.

தோல் வழியாக நுழையும் நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் நம் ஊர் ஏரிகளில் பரவும் நோயல்ல. ஆயினும் ஆப்பிரிக்க நாடுகளில் ஊழியத்திலும் வேலையிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு எழுதும்போது, அங்குள்ள ஏரிகளில் விசாரிக்காமல் இறங்க வேண்டாம் என்று எழுதுங்கள்.

6. நாம் வென்ற ஒரு நோய்

இதையெல்லாம் கேட்டு, தண்ணீரின் காரியம் மனிதரால் ஆகாதது என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். நரம்புச் சிலந்தி என்னும் நோயைப் பெரியவர்கள் அறிவார்கள். கால் கொப்புளத்திலிருந்து வெள்ளை நூல்போல நீண்ட புழு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். புழு உள்ள காலோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கினால் குஞ்சுகள் நீரில் விழும். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஓராண்டு கழித்துப் புழு வெளிப்படும்.

1984-ல் நம் தேசத்தில் சுமார் 40,000 பேர் இந்நோயால் அவதிப்பட்டார்கள். இதற்குத் தடுப்பூசி இல்லை. குணமாக்கும் மாத்திரையும் இல்லை. படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள். நீரைத் துணியில் வடிகட்டக் கற்பித்தார்கள். நோயாளி நீரில் கால் வைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். கிராமம் கிராமமாக நடந்து இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தமிழகம் 1980-களின் முற்பகுதியிலேயே விடுபட்டது. கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ம் ஆண்டில் இந்தியா இந்நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெரிய கருவிகளால் அல்ல, பொறுமையான போதனையால் வந்த வெற்றி இது. இப்படிப்பட்ட ஒரு துண்டுப் பாடம் அற்பமானதல்ல என்று நாங்கள் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. நம் பகுதியில் செய்ய வேண்டியவை

பெருங்களத்தூரும் சுற்றுவட்டாரமும் ஏரிகளின் பூமி. பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர், வண்டலூர் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. அடையாற்றின் மேல்பகுதியும் அருகேதான். ஒருகாலத்தில் வயலுக்குப் பாய்ந்த நீர்நிலைகளைச் சுற்றி இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. கழிவுநீர் கலக்கும் இடங்களும் உண்டு. பல்லாவரம், பம்மல், திரிசூலம் பக்கத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. அங்கே திடீர் ஆழத்தில் மூழ்கும் ஆபத்தே முதல் ஆபத்து. ஆகவே முகாம் நடத்துவோரும் பெற்றோரும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

• தேங்கி, சூடேறி, பாசி படர்ந்த ஏரி, குட்டை, குவாரி நீரில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் அல்ல.

• இறங்கத்தான் வேண்டுமென்றால் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கட்டும். குதிப்பதும், மூழ்குவதும், சேற்றைக் கிளறுவதும் கூடாது. மூக்கை விரலால் பொத்தலாம்; நீச்சல் பழகுவோருக்கான மூக்குக் கிளிப் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

• நீச்சல் குளம் உள்ள இடத்தை முகாமுக்கு எடுக்கும்போது பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று காலை குளோரின் சோதித்தீர்களா? அளவு என்ன? ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பி.எச். அளவு 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

• குளத்தின் அடித்தரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூழ்கும் பிள்ளையும் தெரியாது.

• பம்புசெட் தொட்டியிலும், பிள்ளைகளுக்கான ரப்பர் தொட்டியிலும் நேற்றைய நீரை இன்று பயன்படுத்தக் கூடாது. தினமும் வடித்து, தேய்த்து, வெயிலில் காயவைத்துப் புதிய நீர் நிரப்புங்கள்.

• கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். அழுக்கு நீருக்கு இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

• வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை நீரில் இறங்கக் கூடாது. நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்கட்டும். நீரில் இறங்கும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

• நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றிக் கரையில் நின்று கவனிக்க வேண்டும்.

• முகாம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் ஒரு சிறு சீட்டு கொடுங்கள்: "இந்தப் பிள்ளை இந்தத் தேதியில் இந்த இடத்தில் நீரில் குளித்தது. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வாந்தியும் கண்டால் இந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டவும்." காகிதத்துக்கு ஆகும் செலவு சொற்பம், ஓர் உயிருக்கு அதுவே வழியாகலாம்.

காய்ச்சல் கண்ட பிள்ளைக்கெல்லாம் இந்நோய் என்று கலங்க வேண்டாம். நூற்றுக்கு நூறு என்று சொல்லும் அளவுக்கு, காய்ச்சலுக்குக் காரணம் வேறாகவே இருக்கும். ஆனால் தலைவலி கடுமையாகி, வாந்தியும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால், ஒரு இரவும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வந்தவுடன், கேட்பதற்கு முன்பே, நீரைப்பற்றிச் சொல்லுங்கள்.

8. நம் ஆதரவாளர்களுக்கு

மருத்துவ ஊழியத்துக்கு நீங்கள் தரும் காணிக்கை, வந்துவிட்ட நோயைக் குணமாக்க உதவுகிறது. வராமல் தடுக்கும் ஊழியத்தை, பணம் செலவின்றியே, நீங்கள் ஒவ்வொருவரும் செய்யலாம். இந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வேளையில் ஏழாம் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். சபையைச் சேராத அயல் வீட்டாருக்கும் கொடுங்கள். நீர் எல்லா மதத்தாருக்கும் ஒன்றே.

தேவன் மனிதனின் நாசியில் ஊதினது ஜீவசுவாசம். அந்த வாசலைப் பிள்ளைகளுக்காகக் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. எரிகோ பட்டணத்தார் தங்கள் ஊரின் குறையை மறைக்கவில்லை. நம் வீட்டில் பிள்ளைகள் தவறு செய்தபோதும் பயமின்றி உண்மை சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் எதை மாற்ற வேண்டும்?

2. இந்த ஆண்டு நம் சபை முகாம் நடக்கும் இடத்தில் பிள்ளைகள் இறங்கும் நீர் எங்கிருந்து வருகிறது? அதைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது?

3. நம் ஊர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் இடம் எது? அதைக் குறித்து மாநகராட்சிக்கு எழுத நம் வாலிபர் சங்கம் என்ன செய்யலாம்?

4. நரம்புச் சிலந்தியை ஒழித்தவர்கள் கிராமம் கிராமமாகச் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். இந்தப் பாடத்தை நாம் இந்த வாரம் யாரிடம் சொல்லப்போகிறோம்?